ஊகிக்க முடியாத எண்: நிரலில் பாதுகாப்பான ரேண்டம் எண்களை உருவாக்குவது எப்படி?

வெள்ளிக்கிழமை மாலையானால் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் புதுச்சேரிக்குக் கூட்டம் வந்து இறங்கத் தொடங்கிவிடும். ஒயிட் டவுன் தெருக்களிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்திலும் அறை கொடுக்கும் விருந்தினர் இல்லங்கள் ஏராளம். அவற்றுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதிக் கொடுப்பது இங்கே வேலைக்குச் சேரும் இளம் நிரலாளர்கள் சிலருக்கு முதல் வேலையாக அமைகிறது. முன்பதிவு முடிந்ததும் வாடிக்கையாளருக்கு ஓர் இணைப்பு போகிறது. அதைத் திறந்தால் பெயர், தொலைபேசி எண், தங்கும் தேதி, ஆதார் நகல் எல்லாம் தெரியும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களைப் பற்றிய விவரங்களை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதால், பாஸ்போர்ட், விசா நகல்களும் அங்கேயே ஏற்றப்பட்டிருக்கும்.

இத்தனையையும் காத்து நிற்பது அந்த இணைப்பின் கடைசியில் இருக்கும் முப்பது நாற்பது எழுத்துகள்தான். அவற்றை வேறொருவர் ஊகித்துவிட்டால் பாஸ்வேர்டும் தேவையில்லை, சர்வரை உடைக்கவும் தேவையில்லை. எனவே அந்த எழுத்துகள் எங்கிருந்து வருகின்றன என்பது ஒவ்வொரு நிரலாளரும் கவலைப்பட வேண்டிய விஷயம். கல்லூரியில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினாலே பெரிது. அந்தக் குறையை நிரப்பத்தான், இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: எந்த எண் ரகசியம் என்று பிரியுங்கள்

நிரலில் ரேண்டம் எண் வரும் ஒவ்வோர் இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். இந்த எண்ணை ஒருவர் முன்கூட்டியே அறிந்துகொண்டால் யாருக்காவது நஷ்டம் உண்டா?

முகப்புப் பக்கத்தில் அறைப் படங்களை வரிசை மாற்றிக் காட்டுவதற்கு ஓர் எண் வேண்டும். அது தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அங்கே சாதாரண ரேண்டம் போதும். உள்நுழைந்தவரின் செஷன் எண், பாஸ்வேர்டை மாற்றுவதற்கான இணைப்பு, ஓடிபி, பிற நிறுவனங்களின் மென்பொருள் நம் மென்பொருளோடு பேசக் கொடுக்கும் ஏபிஐ சாவி, குறியாக்கச் சாவி, பரிசுக் கூப்பன் எண், அறைக்கதவின் மின்னணுப் பூட்டுக்கான எண் ஆகியவை வேறு வகை. இவற்றில் ஒன்றை ஊகித்தாலும் யாரோ ஒருவருடைய பணமோ ஆவணமோ பாதுகாப்போ போய்விடும். எந்த வகை என்று முடிவு செய்ய முடியாமல் தயங்கினால் ரகசிய வகையிலேயே சேர்த்துவிடுங்கள். அதற்காகும் கூடுதல் நேரம் உங்கள் கண்ணுக்கே தெரியாது.

சாதாரண ரேண்டம் ஏன் போதாது?

மொழிகளில் இயல்பாகக் கிடைக்கும் ரேண்டம் செயற்கூறுகள் ஒரு தொடக்க எண்ணை எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்து எண்களைக் கொடுக்கின்றன. அந்தத் தொடக்க எண்ணைச் சீடு என்பார்கள். சீடு ஒன்றாக இருந்தால் வரிசையும் ஒன்றுதான். விளையாட்டுக்கும் புள்ளியியல் கணக்குக்கும் இது வசதி. ரகசியத்துக்கு இதுவே எமன்.

பைதானின் 'ரேண்டம்' மாட்யூலுக்குள் இருப்பது மெர்சென் ட்விஸ்டர் என்ற முறை. ஜப்பானியக் கணிதவியலாளர்கள் மகோடோ மத்சுமோடோவும் தகுஜி நிஷிமுராவும் 1997-இல் உருவாக்கியது. புள்ளியியலுக்கு மிக நல்ல முறை. ஆனால் அது வெளியிட்ட 32 பிட் எண்களில் தொடர்ச்சியாக 624 எண்களைப் பார்த்துவிட்டால், அதன் உள்நிலை முழுவதையும் கணக்கிட்டு, இனி வரப்போகும் எண்கள் அனைத்தையும் சொல்லிவிடலாம். ஜாவாவின் பழைய 'ரேண்டம்' வகுப்பு இன்னும் மோசம். அதன் உள்நிலை 48 பிட் மட்டுமே. அடுத்தடுத்து வந்த இரண்டு முழு எண்கள் கையில் கிடைத்தாலே மூன்றாவதைக் கண்டுபிடித்துவிடலாம்.

சீடே பலவீனமாக இருந்தால் 624 எண்கள்கூட வேண்டாம். 1995-இல் நெட்ஸ்கேப் உலாவியின் பாதுகாப்பான இணைப்பை இயான் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் என்ற இரண்டு பெர்க்லி மாணவர்கள் இப்படித்தான் உடைத்தார்கள். அந்த உலாவி தன் ரகசியச் சாவிக்கான சீடை, அப்போதைய நேரத்திலிருந்தும் இரண்டு பிராசஸ் எண்களிலிருந்தும் (ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் கொடுக்கும் எண்) எடுத்துக்கொண்டிருந்தது. நேரம் யாருக்கும் ரகசியமில்லை. பிராசஸ் எண்ணும் அப்படியே. குறியாக்க முறையில் ஒரு குறையும் இல்லாதபோதே சாவி வெளியே வந்துவிட்டது.

ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம்

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். ஒரு முன்பதிவு மென்பொருளின் பிஎச்பி நிரலில் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்புக்கான டோக்கன், அதாவது இணைப்பின் கடைசியில் ஒட்டும் ரகசிய எழுத்துகள், ஒரே வரியில் உருவாவதைப் பார்த்தேன். 'யூனிக்ஐடி' என்ற செயற்கூற்றை அழைக்கிறார்கள், வருவதை 'எம்டி5' ஹேஷுக்குள் (எதைக் கொடுத்தாலும் ஒரே நீளமுள்ள குழப்ப எழுத்துகளாக மாற்றும் கணக்கு) போடுகிறார்கள், 32 எழுத்துகள் கிடைக்கின்றன. பார்த்தால் யாரும் ஊகிக்க முடியாத குழப்பமாகத்தான் தெரிகிறது.

உள்ளே என்ன இருக்கிறது? யூனிக்ஐடி கொடுப்பது 13 ஹெக்ஸ் எழுத்துகள் (0 முதல் 9, a முதல் f வரை). முதல் எட்டும் அந்த நொடியின் யூனிக்ஸ் நேரம் (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் நொடிகள்). அடுத்த ஐந்தும் அந்த நொடிக்குள் எத்தனையாவது மைக்ரோநொடி என்பது. அவ்வளவுதான். இதில் ரகசியம் என்று ஒன்றுமே இல்லை, கடிகாரம் மட்டுமே இருக்கிறது.

இனித் தாக்குபவரின் இடத்தில் நின்று பாருங்கள். உரிமையாளரின் மின்னஞ்சல் முகவரி வலைத்தளத்திலேயே இருக்கிறது. அதை இட்டு, 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்ற பொத்தானைத் தாக்குபவரே அழுத்துகிறார். மின்னஞ்சல் உரிமையாளருக்குத்தான் போகிறது. ஆனால் சர்வர் தாக்குபவருக்கு அனுப்பும் பதிலின் தலைப்பில் தேதியும் நேரமும் நொடி சுத்தமாக இருக்கின்றன. எட்டு எழுத்துகள் தெரிந்துவிட்டன. மீதி ஐந்து எழுத்துகளுக்கு 10 லட்சம் சாத்தியங்கள். ஒவ்வொன்றையும் எம்டி5 செய்து இணைப்பாக்கிச் சர்வரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். நொடிக்கு 100 முறை கேட்டால் 10,000 நொடிகள், அதாவது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. தன் கோரிக்கை போய்வந்த நேரத்தை வைத்து மைக்ரோநொடிகளின் எல்லையையும் சுருக்கிக்கொண்டால் அதில் பாதிகூட ஆகாது.

எம்டி5-க்குப் பதிலாக ஷா-256 போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆகாது. பூட்டுக்கு வர்ணம் அடித்தால் பூட்டு வலுவாகிவிடாது. உள்ளே போகும் எண்ணுக்கு 10 லட்சம் சாத்தியங்கள் என்றால், வெளியே வரும் ஹேஷுக்கும் 10 லட்சம்தான், அது எத்தனை எழுத்து நீளமாக இருந்தாலும். ஹேஷ் எண்ணின் தோற்றத்தைத்தான் மாற்றும், ரகசியத்தைக் கூட்டாது. இந்த ஒன்றை மனத்தில் ஆழப் பதித்துக்கொண்டால் மற்றப் பிழைகளில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இரண்டாம் படி: இயங்குதளத்திடம் கேளுங்கள்

ரகசிய எண் வேண்டுமென்றால் நீங்களாக எதையும் உருவாக்காதீர்கள். இயங்குதளத்திடம் கேட்டு வாங்குங்கள். மொழி எதுவானாலும் அதற்கான வழி தயாராக இருக்கிறது.

பைதானில் 'சீக்ரெட்ஸ்' மாட்யூல். 3.6 பதிப்பிலிருந்து மொழியோடு சேர்ந்தே வருகிறது. இணைப்புக்கு வேண்டிய டோக்கனை 'டோக்கன்_யூஆர்எல்சேஃப்' தரும். 32 பைட் கேட்டால் 43 எழுத்துகள் வரும், இணைய முகவரியில் அப்படியே ஒட்டலாம். ஓர் எல்லைக்குள் எண் வேண்டுமென்றால் 'ரேண்ட்பிலோ'. பட்டியலிலிருந்து ஒன்றை எடுக்க 'சாய்ஸ்'. பிஎச்பியில் 'ரேண்டம்_பைட்ஸ்', 'ரேண்டம்_இன்ட்' இரண்டும் 7-ஆம் பதிப்பிலிருந்து உள்ளன. மேலே பார்த்த அந்த வரியின் இடத்தில், 'ரேண்டம்_பைட்ஸ்' தரும் 16 பைட்களை ஹெக்ஸ் எழுத்தாக மாற்றி வைத்தால் முடிந்தது. ஒரே வரி போய் ஒரே வரி வருகிறது.

ஜாவாஸ்கிரிப்டில் 'மேத்.ரேண்டம்' பக்கம் போகவே வேண்டாம். உலாவியில் 'கிரிப்டோ.கெட்ரேண்டம்வேல்யூஸ்', சர்வர் பக்கம் நோடில் 'கிரிப்டோ.ரேண்டம்பைட்ஸ்', 'கிரிப்டோ.ரேண்டம்இன்ட்'. ஜாவாவில் 'செக்யூர்ரேண்டம்'. அதை உருவாக்கியதும் 'செட்சீடு' அழைத்து நேரத்தைக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். 'ஷா1பிஆர்என்ஜி' என்ற பழைய வகையில், முதல் எண்ணைக் கேட்பதற்கு முன்பே நீங்கள் சீடு கொடுத்தால் அதுவே ஒரே அடிப்படையாகிவிடும். நல்ல எண்ணைக் கெட்ட எண்ணாக்க அந்த ஒரு வரி போதும். சி ஷார்ப்பில் 'ரேண்டம்நம்பர்ஜெனரேட்டர்' வகுப்பு.

கோ மொழி எழுதுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே 'மேத்' தொகுதிக்குள் ஒரு 'ரேண்ட்', 'கிரிப்டோ' தொகுதிக்குள் ஒரு 'ரேண்ட்'. நிரலின் நடுவில் இரண்டும் ஒரே பெயரில்தான் தெரியும். கோப்பின் தலையில் இருக்கும் இம்போர்ட் வரியைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். எடிட்டர் தானாகச் சேர்த்த வரியை நம்பி விட்டுவிடாமல் ஒவ்வொரு முறையும் மேலே போய்ப் பாருங்கள்.

சி மொழியில் 'ரேண்ட்' ரகசியத்துக்கு உதவாது. லினக்ஸில் 'கெட்ரேண்டம்', விண்டோஸில் 'பிகிரிப்ட்ஜென்ரேண்டம்', மேக்கிலும் ஓபன்பிஎஸ்டியிலும் 'ஆர்க்4ரேண்டம்_பஃப்'. லிப்சோடியம் நூலகத்தைப் பயன்படுத்தினால் 'ரேண்டம்பைட்ஸ்_பஃப்' எல்லாத் தளத்துக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும்.

இயங்குதளம் அப்படி என்ன செய்கிறது? வட்டு, நெட்வொர்க், விசைப்பலகை முதலியவற்றிலிருந்து வரும் குறுக்கீடுகளின் நுண்ணிய நேர வேறுபாடுகளையும், பிராசஸரிலேயே உள்ள வன்பொருள் ரேண்டம் கட்டளை இருந்தால் அதன் விடைகளையும் ஒன்றாகக் கலக்கிறது. அந்தக் கலவையிலிருந்து ஒரு சாவியை எடுத்து, குறியாக்க முறை ஒன்றின் வழியாக வேண்டிய அளவு எண்களை நீட்டிக் கொடுக்கிறது. லினக்ஸ் கர்னலில் 2016 முதல் அந்த முறை சாச்சா20. போதுமான கலவை ஒருமுறை சேர்ந்துவிட்டால் அது தீர்ந்துபோவதில்லை. லினக்ஸில் ரேண்டம் எண் தரும் இரண்டு கோப்புகளில் 'டெவ் ரேண்டம்' கோப்பில்தான் உண்மையான ரேண்டம் இருக்கிறது, 'டெவ் யூரேண்டம்' மட்டமானது என்று இன்னும் சிலர் சொல்லக் கேட்கலாம். 2020-இல் வந்த லினக்ஸ் 5.6 பதிப்பிலிருந்து, கணினி தொடங்கிக் கலவை தயாரான பின் 'டெவ் ரேண்டம்' கூடுதல் கலவைக்காகக் காத்திருப்பதே இல்லை. எண் தீர்ந்துவிடும் என்று பயந்து சிக்கனம் பிடிக்க வேண்டிய அவசியம் எந்த நிரலுக்கும் இல்லை.

இந்த இடத்தில் ஆர்வமுள்ள மாணவர்கள் கேட்கும் ஒரு கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். சான்பிரான்சிஸ்கோவில் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் ஒரு சுவர் முழுக்க லாவா விளக்குகளை (உள்ளே உருகிய மெழுகு மிதந்து அசையும் அலங்கார விளக்குகள்) அடுக்கி, அவற்றின் படத்திலிருந்து ரேண்டம் எண் எடுக்கிறதே, நாம் கடற்கரைச் சாலையில் கேமரா வைத்து அலைகளிலிருந்து எடுக்கலாமா? தாராளமாகச் செய்து பார்க்கலாம், நல்ல பாடம். ஆனால் அலைகளிலிருந்து வந்ததை இயங்குதளத்தின் கலவையோடு சேர்க்க வேண்டுமே தவிர, அதன் இடத்தில் வைக்கக் கூடாது. லினக்ஸில் 'டெவ் யூரேண்டம்' கோப்பில் எழுதினால் அது கலவையில் சேரும். கேமரா ஒருநாள் கறுப்புப் படத்தையே அனுப்பிக்கொண்டிருந்தாலும் கலவை கெடாது. கிளவுட்ஃபிளேரும் விளக்குகளை மட்டும் நம்பி இருக்கவில்லை, மற்ற மூலங்களோடுதான் சேர்க்கிறது.

இந்தப் பகுதியில் கைவைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் கதை ஒன்றே போதும். 2006-இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் டெபியன் பதிப்பில், நினைவகப் பிழை காட்டும் கருவி எச்சரிக்கை கொடுத்தது என்பதற்காகச் சில வரிகளை நீக்கினார்கள். அந்த வரிகள்தான் ரேண்டம் கலவையைச் சேர்த்துக்கொண்டிருந்தன. மிஞ்சியது பிராசஸ் எண் மட்டும், அதற்கு அதிகபட்சம் 32,768 மதிப்புகள். டெபியனிலும் அதிலிருந்து வந்த உபுண்டுவிலும் ஏறக்குறைய இரண்டாண்டுகள் உருவான, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகளையெல்லாம் ஒரு பட்டியலில் அடக்கிவிட முடிந்தது. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்துச் சொல்லும் வரை எந்தச் சோதனையும் அதைக் காட்டவில்லை. சாவிகள் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தன.

மூன்றாம் படி: எத்தனை பைட் வேண்டும்?

இணைப்பு, செஷன், ஏபிஐ சாவி எதுவானாலும் 16 பைட்டுக்குக் குறையாதீர்கள். அது 128 பிட். 32 பைட் வைத்தாலும் செலவு ஒன்றுமில்லை. குறியாக்கச் சாவிக்கு 32 பைட். ஹேஷ் செய்யும் முன் பாஸ்வேர்டோடு சேர்க்கும் ரேண்டம் பகுதியான சால்ட்டுக்கு 16 பைட். பாஸ்வேர்டை நேரடியாகக் குறியாக்கச் சாவியாக வைக்கக் கூடாது. மனிதர் தேர்ந்தெடுத்த சொல்லுக்கு அவ்வளவு ரகசியம் கிடையாது, வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்யும் ஆர்கான்2 போன்ற முறை வழியாகவே அதைச் சாவியாக்க வேண்டும்.

யூயூஐடியை (ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளமாகக் கொடுக்கும் 128 பிட் எண்) டோக்கனாக வைப்பவர்கள் அதன் பதிப்பைப் பார்க்க வேண்டும். முதல் பதிப்பில் இருப்பது நேரமும் நெட்வொர்க் அட்டையின் முகவரியும்தான். நான்காம் பதிப்பில் 122 பிட்கள் ரேண்டம். அதையும் பாதுகாப்பான மூலத்திலிருந்து எடுத்திருந்தால்தான் நம்பலாம்.

ஓடிபியின் கணக்கு வேறு. மனிதர் தட்ட வேண்டிய எண் என்பதால் நீளமாக வைக்க முடியாது. விருந்தினர் இல்ல உரிமையாளர் ஒருவர் கேட்டார்: "தம்பி, நான்கு இலக்கம் போதாதா? வயதானவர்கள் தட்டச் சிரமப்படுகிறார்கள்." அவருடைய கவலை நியாயமானது. அவருக்கு இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நான்கு இலக்கத்தில் 10,000 சாத்தியங்கள். ஐந்து முறை தவறாகத் தட்ட அனுமதித்தால், ஊகிப்பவருக்கு இரண்டாயிரத்தில் ஒரு வாய்ப்பு. ஆறு இலக்கத்தில் அதே ஐந்து முறைக்கு இரண்டு லட்சத்தில் ஒன்று. "அப்படியென்றால் ஆறே இருக்கட்டும் தம்பி" என்றார்.

ஆறு இலக்கமும் தனியாக நின்று காக்காது. தவறான முயற்சிகளை எண்ண வேண்டும், சில நிமிடங்களில் காலாவதியாக்க வேண்டும், ஒருமுறை பயன்பட்டதும் அழிக்க வேண்டும். முயற்சிகளை ஓடிபிக்கு ஓடிபி எண்ணினால் போதாது, கணக்குக்குக் கணக்கு எண்ணுங்கள். இல்லையென்றால் தாக்குபவர் ஒவ்வோர் ஐந்து முயற்சிக்கும் புதிய ஓடிபி கேட்டுக்கொண்டே இருப்பார். இன்னொன்று, 'ரேண்ட்பிலோ' கொடுத்த எண் 4213 என்றால் அனுப்ப வேண்டியது 004213. அதை எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போய், வாடிக்கையாளர் சரியாகத் தட்டியும் தவறு என்று வரும். எழுத்துத் தொடராகவே சேமியுங்கள்.

நான்காம் படி: எல்லைக்குள் கொண்டுவரும்போது கோணலாகாமல் பாருங்கள்

இயங்குதளம் தருவது பைட்கள். ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரை, எல்லாம் சம வாய்ப்பு. உங்களுக்கு வேண்டியதோ கூப்பன் எண்ணுக்கான எழுத்துகள், பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, இலக்கம் 10, மொத்தம் 62. பைட்டை 62-ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்வது கைக்குப் பழகிய வழி. அங்கேதான் கோணல் வருகிறது.

256-ஐ 62-ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 8. அதாவது 0 முதல் 247 வரையுள்ள பைட்கள் 62 எழுத்துகளுக்கும் தலா நான்கு முறை சமமாகப் பங்காகின்றன. மிஞ்சிய 248 முதல் 255 வரையிலான எட்டு பைட்களும் முதல் எட்டு எழுத்துகளிடமே போய்ச் சேர்கின்றன. அந்த எட்டு எழுத்துகளுக்கு ஐந்து வாய்ப்பு, மற்ற 54-க்கும் நான்கு. ஓர் எழுத்து இன்னோர் எழுத்தைவிட 25 சதவீதம் அதிகமாக வருகிறது என்றால், தாக்குபவர் எங்கே தேடத் தொடங்க வேண்டும் என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம்.

தீர்வு எளிது. 248 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்த பைட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று கேளுங்கள். 'ரேண்ட்பிலோ', 'ரேண்டம்_இன்ட்', 'ரேண்டம்இன்ட்' ஆகியவை கோணல் வராமல் உள்ளுக்குள் பார்த்துக்கொள்கின்றன. எனவே நிரலில் மீதம் காணும் குறியை (%) கண்டால் நின்று பார்த்து, முடிந்தால் அதை நீக்கிவிட்டு இவற்றை அழையுங்கள். ஹெக்ஸ் எழுத்து போதுமென்றால் இந்தப் பிரச்சினையே இல்லை, 256-ஐ 16 மீதமின்றி வகுக்கும்.

ஒரே ஒருமுறை பயன்பட வேண்டிய எண்

குறியாக்கத்தில் நான்ஸ் என்ற எண் அடிக்கடி வரும். பல முறைகளில் அது ரகசியமாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரே சாவியோடு இரண்டாம் முறை வரவே கூடாது. ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற குறியாக்க முறையில் நான்ஸ் 12 பைட். அதே சாவியில் அதே நான்ஸ் திரும்பினால் இரண்டு செய்திகளின் உறவு வெளிப்படுவதோடு, போலிச் செய்தி தயாரிக்கவும் வழி திறந்துவிடும். நான்ஸை ரேண்டமாக எடுத்தால் ஒரு சாவிக்கு 2-இன் 32-ஆம் அடுக்கு, சுமார் 429 கோடி செய்திகளுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. நம் ஊர் மென்பொருளுக்கு அது தாராளம்.

ஈசிடிஎஸ்ஏ என்ற மின்னணுக் கையொப்ப முறையில் நிலைமை இன்னும் கடுமை. அங்கே ஒவ்வொரு கையொப்பத்துக்கும் ஒரு புதிய எண் வேண்டும், அது ரகசியமாகவும் இருக்க வேண்டும். சோனியின் பிளேஸ்டேஷன் 3-இல் எல்லாக் கையொப்பங்களுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தியிருந்தார்கள். இரண்டு கையொப்பங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால், தெரியாதவற்றில் ஒன்று நீங்கிப் பள்ளி அல்ஜீப்ராவாகிவிடுகிறது. அந்த எண் கிடைக்கும், அதிலிருந்து கையொப்பமிடும் ரகசியச் சாவியான தனிச்சாவி கிடைக்கும். 2010 டிசம்பரில் ஒரு குழு மேடையிலேயே இதை விளக்கியது. உங்களுக்குத் தேர்வு இருந்தால் ஈடி25519 முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கையொப்பமிடும் நேரத்தில் அது ரேண்டம் எண்ணே கேட்பதில்லை.

ஐந்தாம் படி: அப்போதுதான் விழித்த இயந்திரத்தை நம்பாதீர்கள்

மேசைக் கணினியிலும் நன்கு ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலும் இயங்குதளத்தின் கலவைக்குக் குறைவில்லை. சிக்கல் வருவது சிறு கருவிகளிலும் பிரதியெடுத்த இயந்திரங்களிலும். முதன்முறை மின்சாரம் கொடுத்ததும் சாவி உருவாக்கும் ரவுட்டரில் விசைப்பலகையும் இல்லை, வட்டும் இல்லை. கலவை சேரும் முன்பே சாவி தயாராகிவிடும். 2012-இல் ஆய்வாளர்கள் இணையம் முழுவதும் சாவிகளைத் திரட்டி ஒன்றோடொன்று பொதுக் காரணி தேடியபோது, பாதுகாப்பான இணைய இணைப்புக்கான டிஎல்எஸ் முறையைப் பயன்படுத்திய கருவிகளில் 0.5 சதவீதத்தின் ஆர்எஸ்ஏ தனிச்சாவிகள் கையில் வந்துவிட்டன. ஆர்எஸ்ஏ சாவி இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கத்தில் அமைகிறது. இரண்டு கருவிகள் ஒரே பகா எண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தால், மீப்பெரு பொதுக் காரணி காணும் பள்ளிக் கணக்கே இரண்டையும் உடைக்கப் போதும்.

கடலூர் மாவட்டத்தில் பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் இறால் குட்டைகள் இருக்கின்றன. குட்டை நீரின் ஆக்சிஜன் அளவை அளந்து அனுப்பும் கருவியைச் செய்ய நினைக்கும் மாணவர்கள் இந்தப் படியைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஆர்டுயினோ ஊனோ பலகையில் எதனோடும் இணைக்காத பின்னை அளந்து அதைச் சீடாகக் கொடுப்பது பாடங்களில் வரும் வழக்கம். அந்த அளவு 10 பிட், எனவே அதிகபட்சம் 1,024 வரிசைகள்தான் வர முடியும். விளக்கு மினுக்க அது போதும், சாவிக்கு ஆகவே ஆகாது. இஎஸ்பி32 சிப்பில் வன்பொருள் ரேண்டம் இருக்கிறது. ஆனால் வைஃபையோ புளூடூத்தோ சிப்பின் உள் இரைச்சல் மூலமோ இயங்கும்போதுதான் அதை உண்மையான ரேண்டமாகக் கொள்ளலாம் என்று தயாரிப்பாளரே ஆவணத்தில் சொல்கிறார். ரேடியோவை அணைத்து பேட்டரி மிச்சம் பிடிக்கும் கருவியில், சாவி உருவாக்கும் வேலையை ரேடியோ எழுந்த பிறகு செய்யும்படி வரிசையை மாற்றுங்கள்.

கிளவுடில் ஒரு மெய்நிகர் இயந்திரத்தைத் தயார் செய்து பத்தாகப் பிரதியெடுப்பவர்கள், பிரதியெடுக்கும் முன் அதில் உள்ள எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளையும் சேமித்து வைக்கப்பட்ட ரேண்டம் சீடு கோப்பையும் அழித்துவிட வேண்டும். இல்லையென்றால் பத்துக்கும் ஒரே அடையாளம்.

பிழை வந்தால் நிறுத்துங்கள்

ரேண்டம் கேட்கும் அழைப்பு தோற்றால் நிரல் அங்கேயே நிற்க வேண்டும். பிழையைப் பிடித்து, பதிலுக்குச் சாதாரண ரேண்டமைப் பயன்படுத்தும் நிரல் மிக ஆபத்தானது. ஒருநாள் யாருக்கும் தெரியாமல் பலவீனமாகிவிடும். சி மொழியில் திரும்பி வரும் மதிப்பைக் கட்டாயம் பாருங்கள். நீங்கள் கேட்ட அத்தனை பைட்டும் வந்ததா என்று எண்ணுங்கள்.

எதைச் சோதிக்கலாம், எதை முடியாது

எண்களின் பரவலைப் பார்க்கும் புள்ளியியல் சோதனைகள் உள்ளன. உங்கள் வெளியீடு அவற்றில் தேறவில்லையென்றால் நிச்சயம் கோளாறு. தேறினால் எதுவும் நிரூபணமாகவில்லை. சீடு பூஜ்யம் என்று உலகத்துக்கே தெரிந்த ஒரு சாச்சா20 வரிசை எல்லாச் சோதனையிலும் அழகாகத் தேறும். நீங்கள் சோதிக்க வேண்டியது நிரலின் இணைப்புகளை. இரண்டு முறை கேட்டால் இரண்டு வேறு எண் வருகிறதா, நீளம் சரியா, ஒரு பிராசஸிலிருந்து பிரிந்த இரண்டு பிராசஸ்களும் வெவ்வேறு எண்களைத் தருகின்றனவா, ஓடிபி பூஜ்யத்தில் தொடங்கும்போதும் வேலை செய்கிறதா என்பவை அவை. மற்றதை நிரலைப் படித்துத்தான் உறுதி செய்ய முடியும்.

ஆறாம் படி: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத் திருத்துவது

புதிய வேலையில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வேறொருவர் எழுதிய பழைய நிரலாகத்தான் இருக்கும். முழுத் தொகுப்பிலும் 'ரேண்டம்', 'ரேண்ட்', 'எம்டி_ரேண்ட்', 'யூனிக்ஐடி', 'மேத்.ரேண்டம்', 'செட்சீடு' என்று தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு வரிக்கும் முதல் படியில் சொன்ன கேள்வியைக் கேளுங்கள். ரகசிய வகை என்றால் உடனே மாற்றுங்கள்.

அதோடு டோக்கன் போய்த் தங்கும் இடங்களையும் பாருங்கள். தரவுத்தளத்தில் டோக்கனை அப்படியே வைக்காமல் அதன் ஷா-256 ஹேஷை வையுங்கள். டோக்கன் 16 பைட்டுக்குக் குறையாத உண்மையான ரேண்டம் என்பதால் இங்கே சாதாரண ஹேஷே போதும். நேரடியாக ஒப்பிட வேண்டி வந்தால் பிஎச்பியில் 'ஹேஷ்_ஈக்குவல்ஸ்', பைதானில் 'கம்பேர்_டைஜஸ்ட்' உண்டு. எத்தனை எழுத்து பொருந்தியது என்பதை எடுத்துக்கொண்ட நேரம் காட்டிக்கொடுக்காமல் அவை ஒப்பிடும். சர்வரின் லாக் கோப்புகளில் முழு இணைப்பும் பதிவாகிறதா என்று பார்த்து, பதிவானால் டோக்கன் பகுதியை மறைக்கச் சொல்லுங்கள்.

திருத்திய நிரலை ஏற்றியதும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். பழைய முறையில் உருவான டோக்கன்கள் தரவுத்தளத்தில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவை அனைத்தையும் செல்லாதவையாக்கி, எல்லாச் செஷன்களையும் முடித்து, நடப்பு முன்பதிவுகளுக்குப் புதிய இணைப்பு அனுப்புங்கள். நிர்வாகிகளின் பாஸ்வேர்டுகளையும் மாற்றச் சொல்லுங்கள். இதை வெள்ளிக்கிழமை மாலையில் செய்யாதீர்கள், வரவேற்பறையில் வரிசை நிற்கும். செவ்வாய் அல்லது புதன் காலை நல்ல நேரம், முதல் நாளே உரிமையாளரிடமும் சொல்லிவிடுங்கள்.